தேதி மட்டும் காலி

அத்தியாயம் பதினேழு

சகல பொதுமக்களுக்கும், குறிப்பாக நமது மாவட்டத்தில் இதுவரை பிறந்தவர்களுக்கும் இனிமேல் இறக்கப் போகிறவர்களுக்கும், இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: பிறப்பு இறப்புப் பதிவாளராக முப்பத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒபானின் க்வாகு ட்வுமாசி அவர்கள், தமது வாத்துகள் அனைத்தையும் வரிசையில் நிறுத்தி முடித்துவிட்டார்.

அறிவிப்பை வெளியிட்டவர் ஒபானினேதான். இடம், வீட்டுச் சாப்பாட்டு மேசை. நாள், புதன்கிழமை மாலை. கூடியிருந்த பொதுமக்கள் ஒருவர்: அவருடைய மனைவி மாமே பிராகோ.

"நம்ம வீட்ல கோழிதானே இருக்கு?" என்றாள் பிராகோ.

"இது இங்கிலீஷ், பிராகோ. வெள்ளைக்காரன் அப்படித்தான் சொல்லுவான். எல்லா காரியத்தையும் முன்கூட்டியே ஒழுங்கா ஏற்பாடு பண்ணி வச்சிட்டான்னா, அவன் வாத்தெல்லாம் வரிசைல நிக்குதுன்னு அர்த்தம்."

"அப்படியே ஒழுங்கா சாப்பிட்ட தட்டையும் எடுத்து வச்சிடுங்க."

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கு அக்ராவிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வந்து, "உங்கள் வாத்துகள் வரிசையில் நிற்கின்றனவா?" என்று ஒன்றேகால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். மற்ற கிழவர்கள் மீன் வடையை எதிர்பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். ஒபானின் மட்டும் எழுதிக்கொண்டார். ஆங்கிலச் சொலவடைகளைச் சேகரிப்பதற்கென்று கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். வாத்து, நானூற்றுப் பன்னிரண்டாவது.

மற்ற நானூற்றுப் பதினொன்றும் நோட்டோடு நின்றுவிட்டன. இது மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. அலமாரியில் நான்கு அட்டைக் கோப்புகள் நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் பதிவாளர் கையெழுத்தில் தலைப்பு. வாத்து ஒன்று: சனிக்கிழமை மோதிர ஆசீர்வாதம். வாத்து இரண்டு: வீட்டுப் பத்திரங்கள். வாத்து மூன்று: ரத்த அழுத்தம். வாத்து நான்கு: எனது இறுதிச் சடங்கு.

முதல் வாத்துதான் பிராகோவுக்கு முக்கியம். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் பெரியவர்கள் முன்னிலையில் மது பாட்டில் வைத்து முறைப்படி நடந்த கல்யாணம்தான். ஆனால் தேவாலயத்தில் மோதிரம் மாற்றவில்லை. மாற்றாதவர்களுக்கு அங்கே ராப்போஜன அப்பம் கிடையாது. அதனால் முப்பத்தேழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை அதை வாங்க மற்ற பெண்கள் எழுந்து வரிசையில் போகும்போது, பிராகோ மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள். வரும் சனிக்கிழமை அந்தப் பெஞ்சுக்கு விடை கொடுப்பதாக ஏற்பாடு. வெள்ளை கவுனை மூத்த மகள் அச்சியா குமாசியில் தைத்துக்கொண்டிருந்தாள். பந்தல்காரரிடமும் சொல்லியாயிற்று.

நாலாவது வாத்தை பிராகோ திறந்து பார்க்கவில்லை. அங்கேதான் தப்பு பண்ணினாள்.

*

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒபானின் அவித்த வாழைக்காயும் கொன்டொமிரே கீரைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு ஆண்டி பேஷன்ஸ் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு, கறுப்புத் துணி கட்டி, அழுதபடி, ஆறுதல் சொல்லிக்கொண்டே முற்றத்துக்குள் நுழைந்தாள்.

"டுவே, மாமே பிராகோ, டுவே! நேத்து சந்தையில உன்கூடப் பேசினப்ப ஒரு வார்த்தை சொல்லலையே! எப்படித் தாங்கப் போற…"

ஒபானின் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "காலங்காத்தால என்ன அழுகை, பேஷன்ஸ்? யார் செத்தது?"

ஆண்டி பேஷன்ஸ் அவரைப் பார்த்தாள். வாழைக்காயைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். தலையில் இருந்த கைகள் அங்கேயே நின்றுவிட்டன.

"நீங்கதான்" என்றாள்.

சொல்லிவிட்டுப் போட்டாள் பாருங்கள் ஒரு கூச்சல்! கோழிகள் சுவர் ஏறிக் குதித்தன. சமையல்கட்டிலிருந்து ஓடிவந்த பிராகோவின் கையில் அகப்பை அப்படியே இருந்தது.

"உயிரோட இருக்கார்! ஏய்! சாப்பிடுறார்! இயேசுவே, சாப்பிடுறார்!"

"நான் சாப்பிடாம வேற யார் சாப்பிடுவா?" என்றார் ஒபானின், கௌரவம் அடிபட்டவராக.

அவர் பேசி முடிப்பதற்குள் தேவாலயப் பெண்கள் சங்கத்திலிருந்து நாலு பேர் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு ஓய்வூதியர்கள், சிவப்புத் துண்டு கட்டி. அவர்களுக்கும் பின்னால் பந்தல்காரர், அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு.

"சனிக்கிழமைக்கு நீங்க ஏற்கெனவே சொல்லி வச்சிருந்தீங்க" என்றார் பந்தல்காரர் பிராகோவிடம், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு. "இவ்ளோ முன்யோசனையான்னு எனக்கே ஆச்சரியமாப் போச்சு." அப்புறம்தான் மேசையில் இருப்பவர் யாரென்று கவனித்தார். தொப்பி கீழே விழுந்தது.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். ஊர் லாரி நிலையத்துக்கு எதிரே, பிரதர் எபோவின் அச்சுக் கடை வாசலில், ஆள் உயரத்துக்கு ஒபானினின் இரங்கல் போஸ்டர். வண்ணத்தில். கீழே பைபிள் வசனத்தோடு.

பிராகோ அகப்பையை மெதுவாக மேசைமேல் வைத்தாள். "அச்சியாவோட அப்பா. என்ன பண்ணி வச்சீங்க?"

நடந்தது இதுதான். முறையாக ஏற்பாடு செய்கிற மனிதன், தன் இரங்கல் போஸ்டரைப் பிள்ளைகளிடம் விட்டுவைக்க மாட்டான் என்பது ஒபானினின் தீர்மானம். பிள்ளைகள் அவசரத்தில் பழைய படத்தைப் போடுவார்கள். பதவிப் பெயரைத் தப்பாக எழுதுவார்கள். ஆகவே படத்தை அவரே தேர்ந்தெடுத்து, வாசகத்தை அவரே எழுதி, தேதிக்கும் வயதுக்கும் மட்டும் இடம் விட்டு, புதன்கிழமை எபோவிடம் கொடுத்தார். 'ஒரு பிரதி மட்டும் அடி. எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்கிறேன். மீதியை வேளை வரும்போது அடிக்கலாம்' என்பது உத்தரவு.

எபோவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் போஸ்டராக இருந்தாலும் முதல் பிரதியைக் கடை வாசலில் ஒட்டிவிடுவார். தூரத்தில் நின்று பார்த்தால்தான் பிழை தெரியும் என்பது அவர் தொழில் தர்மம். விளம்பரமும் ஆயிற்று.

தேதி இல்லையே, யாருக்காவது சந்தேகம் வரவேண்டாமா? வராது. எங்கள் ஊரில் ஆள் போனதும் உடல் குளிர்பெட்டிக்குப் போகும். அப்புறம் வெளிநாட்டு மகனுக்கு விடுப்புக் கிடைக்க வேண்டும், வீட்டுக்கு வண்ணம் அடிக்க வேண்டும், துணி தேர்ந்தெடுக்க வேண்டும், கடைசியில்தான் தேதி. தேதி இல்லாத போஸ்டர் எங்களுக்குப் பல் முளைக்காத குழந்தை மாதிரி. வரும்போது வரும்.

"ஆக, ஏற்பாடெல்லாம் கச்சிதம்" என்றாள் பிராகோ. "செத்துப்போறது ஒண்ணுதான் பாக்கி."

பெண்கள் சங்கத்தில் யாரோ சிரித்துவிட்டு, கறுப்புத் துணியின் நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

*

எட்டரை மணிக்குக் குடும்பத் தலைவர் நானா ஜாம்ஃபி வந்தார். ஒபானினின் தாய்வழிக் குடும்பத்துக்கு மூத்தவர். எண்பத்திரண்டு வயது, தடி ஒன்று, கோபம் ஒன்று, இரண்டையும் எப்போதும் கையோடு வைத்திருப்பவர்.

ஒபானின் உயிரோடு இருப்பது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

"க்வாகு! நம்ம குடும்பத்துல ஒரு சாவு விழுந்தா முதல்ல யாருக்குச் சொல்லணும்?"

"உங்களுக்குத்தான், நானா. ஆனா நான் சாகலையே…"

"அதைப் பத்தி நான் கேக்கல! பாட்டில் வச்சு முறையாச் சொல்லாம, நேரா போஸ்டர் ஒட்டுற பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சு? லாரி டிரைவர் ஒருத்தன் என்னை நிறுத்தி, 'தாத்தா, உங்க ஆளு போயிட்டாராமே'ங்கறான். எனக்குத் தெரியாம நீ எப்படிப் போவ?"

"இனிமே அப்படிப் போக மாட்டேன், நானா" என்றார் ஒபானின்.

குடும்பத் தலைவர் சற்றே சமாதானமாகி, அறுபதில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, வாழைக்காய் மீதி இருக்கிறதா என்று விசாரித்தார்.

அந்த நேரத்தில்தான் வாடகைக் கார் வந்து நின்று, அச்சியா இறங்கி ஓடிவந்தாள். ஒரு காலில் வீட்டுச் செருப்பு, மறு காலில் வெளிச் செருப்பு. போஸ்டரின் படம் அவள் போனுக்குக் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டது. வீட்டுக்கு எத்தனை தடவை அடித்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. மூன்றாவது கோப்பின் விதிப்படி, ரத்த அழுத்தம் கருதிக் காலை ஒன்பது வரை போன் அணைக்கப்பட்டிருந்தது. குமாசியிலிருந்து வழி முழுக்க அழுதிருக்கிறாள். கையில் மட்டும் ஒரு பை. அதில் வெள்ளை கவுன். எதற்கு எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிறகு கிட்டே போய், இரண்டு கைகளாலும் அவர் தோளில் அடித்தாள்.

"எதுக்குப்பா? எதுக்குப்பா இப்படிப் பண்ணீங்க? டிரைவர் அழுதான்பா! என்னைத் தெரியாத டிரைவர்!"

"எல்லாம் உங்களுக்குச் சிரமம் வைக்கக் கூடாதுன்னுதாம்மா" என்றார் ஒபானின். முதல் தடவையாக அவர் குரலில் பதிவாளர் இல்லை.

அடுத்து வந்தது பிரதர் எபோ. வியர்த்து, மூச்சு வாங்கி, சுருட்டிய போஸ்டரைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு.

"ஒபானின், மன்னிச்சிடுங்க, கிழியாம எடுத்துட்டேன். ஜனங்க அழுதப்பதான் எனக்கே உறைச்சுது. வந்ததுதான் வந்தேன்… திருத்தம் ஏதாவது இருக்கா?"

"இங்க கொடு" என்றாள் பிராகோ. "என் புருஷன் செத்த அழகை நானும்தான் பாக்கிறேன்."

"வேணாம்" என்றார் ஒபானின்.

அவ்வளவு வேகமாக அவர் எழுந்து அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். அதற்குள் போஸ்டர் மேசைமேல் விரிந்துவிட்டது. ஒரு மூலையில் குழம்புச் சட்டி, மறு மூலையில் அகப்பை.

பிராகோ சந்தையில் இரங்கல் துணி விற்பவள். முப்பது வருஷ வியாபாரம். போஸ்டரைப் பார்த்தால் அவள் கண்ணுக்குப் படமும் தெரியாது, வசனமும் தெரியாது. நேராகப் பிள்ளைகள் வரிசைக்குப் போகும். எத்தனை பிள்ளைகள், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பார்த்தால் எத்தனை துண்டு துணி, எந்த ரகம் என்று தெரிந்துவிடும். பேரும் அடைப்புக்குறிக்குள் ஊரும். இத்தாலி என்றிருந்தால் உயர்ந்த ரகத்தை முன்னால் எடுத்து வைப்பாள்.

பழக்க தோஷம். விரலை வைத்து எண்ணினாள். எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அவள் பெற்றது ஐந்து; இரண்டு தடவையும் ஆறு வந்தது.

அச்சியா, குமாசி. அடோமா, டகோராடி. யாவ், இத்தாலி. பேமா, அக்ரா. கோஜோ. க்வாசி.

"எபோ," என்றாள் அமைதியாக, "இதுல வேற யார் வீட்டுப் பேரோ கலந்துடுச்சு."

எபோவுக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. "மாமே, என் கடைல அப்படி நடக்காது. ஒபானின் கைப்பட எழுதிக் கொடுத்தது. இதோ பாருங்க." சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

அதே கையெழுத்து. நானூற்றுப் பன்னிரண்டு சொலவடைகளை எழுதிய கையெழுத்து. மாவட்டத்தில் பாதிப் பேரைப் பிறந்தவர்களாக ஒப்புக்கொண்ட கையெழுத்து.

முற்றத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. ஆண்டி பேஷன்ஸ் போகவில்லை. போவதாகவும் இல்லை.

பேர் என்றால் வெறும் பேர் இல்லை. அடோமா என்பது ஒபானினின் தாயார் பேர். பேமா பிறந்தபோது, மாமியார் பேரை வையுங்கள் என்று பிராகோ தானாக வாய்விட்டுக் கேட்டாள். பேர் வைப்பது அப்பாவின் உரிமை. ஒபானின் யோசித்துப் பார்த்து, 'அம்மா பேர் ரொம்பக் கனம், சின்னப் பிள்ளை தாங்காது' என்று சொல்லிவிட்டார். மாமியார் வீட்டுக்குத் தான் வேண்டாதவள் என்று பிராகோ அன்றைக்கு முடிவு கட்டினாள். சாகும்வரை அந்தக் கிழவியிடம் அளந்துதான் பேசினாள்.

அதைவிட மோசம், வரிசை. கணவர் பதிவாளர்; வயதுப்படி அல்லாமல் ஒரு பேரையும் எழுத அவர் கை வராது. அச்சியாவுக்கு அடுத்து, யாவுக்கு முன்னால். தேதியே வேண்டியதில்லை.

அச்சியா கைக்குழந்தையாக இருந்தபோது பிராகோ தாய் வீட்டில் இருந்தாள். ஒபானின் டகோராடியில் இருந்தார். துறைமுக ஊரில் பிறப்புகள் அதிகமாகிவிட்டன, பதிவு செய்ய ஆள் போதவில்லை, ஒரு வருஷத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று காரணம் சொன்னார். அதில் பொய் இல்லை.

"அம்மா பேர் கனம்னு சொன்னீங்களே" என்றாள் பிராகோ. "அந்தப் பிள்ளை தாங்குச்சா?"

பதில் சொன்னவர் நானா ஜாம்ஃபி. அவர் வாயில் வாழைக்காய் இருந்தது, நிலைமையைக் கவனிக்கவில்லை.

"ஏன் தாங்காது? நல்ல கனமான பிள்ளை. பேர் வைக்கிற அன்னிக்கு நாக்குல தண்ணியும் மதுவும் தொட்டு வச்சது நான்தானே. 'தண்ணின்னா தண்ணின்னு சொல்லு, மதுன்னா மதுன்னு சொல்லு, பொய் சொல்லாதே'ன்னு…"

அந்த இடத்தில் நானாவுக்கே உறைத்தது. வாழைக்காயை விழுங்கினார். தடியைத் தேடினார்.

"நீங்களுமா, நானா?" என்றாள் பிராகோ. "போன ஈஸ்டருக்கு என் வீட்ல வந்து ரெண்டு தட்டு ஃபுஃபு சாப்பிட்டீங்களே. ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் நடுவுலயாவது சொல்லியிருக்கலாமே."

"அது… க்வாகு சொல்றதா சொன்னான்."

"எப்ப?"

"நேரம் வரும்போதுன்னு."

பிராகோ கணவரின் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்து முற்றமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. துணிக் கடையில் வாடிக்கையாளரிடம் ரகத்தை விளக்குகிற அதே குரல்.

"எனக்கு இப்பதான் உங்க இங்கிலீஷ் புரியுது. நீங்க குளிர்பெட்டில இருப்பீங்க. நான் கறுப்பு கட்டிக்கிட்டு இங்க உக்காந்திருப்பேன். ஊரே பாத்துக்கிட்டிருக்கும். எபோ போஸ்டரைக் கொண்டுவந்து நீட்டுவான். நான் விரல் வச்சு எண்ணுவேன். அதுதானே ஏற்பாடு?"

"பிராகோ, எல்லாம் ஒழுங்கா இருக்கணும்னு… யாரும் அப்புறம் சண்டை போடக் கூடாதுன்னு…"

"எல்லாரும் இருப்போம். நீங்க மட்டும் இருக்க மாட்டீங்க."

அச்சியா தன்னையறியாமல் பையைத் திறந்து வெள்ளை கவுனை வெளியே எடுக்கப் போனாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"அதை எடுக்காதே. பையிலேயே இருக்கட்டும்."

"அம்மா, சனிக்கிழமை…"

"பையிலேயே இருக்கட்டும்னேன்."

ஒன்பது மணி ஆகியிருக்க வேண்டும். விதிப்படி ஒபானின் காலையிலேயே சொல்லி வைத்திருந்ததால், பெண்கள் சங்கத்து மனுஷி ஒருத்தி அலமாரியில் இருந்த அவர் போனை எடுத்து உயிர்ப்பித்து மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் அது அடித்தது. ஒபானின் தொடவில்லை. அச்சியா எடுத்தாள்.

எதிர்முனையில் பஸ் இரைச்சல். ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே பேசினாள். போஸ்டர் அவள் போனுக்கும் வந்திருக்கிறது. டகோராடியிலிருந்து கிளம்பி டுங்க்வா தாண்டிவிட்டாளாம். வீடு எங்கே என்று தெரியாதாம், ஒருநாளும் வந்ததில்லையாம்.

"அக்காதானே பேசுறீங்க? என் பேரும் போட்டிருக்கார்க்கா. எல்லாரோடவும் சேத்துப் போட்டிருக்கார். அப்பாவை எங்க வச்சிருக்கீங்க?"

அச்சியா அப்பாவைப் பார்த்தாள். மீசையில் கீரை ஒட்டியிருந்தது.

பிராகோ கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"வீட்லதாம்மா வச்சிருக்கு" என்றாள். "லாரி நிலையத்துல இறங்கு. எபோ அச்சுக் கடைன்னு கேளு. ஆள் அனுப்பறேன்."

போனை மேசையில் வைத்தாள். பந்தல்காரரைக் கூப்பிட்டு, மீதி நாற்காலிகளையும் இறக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை, இறக்கினார். பிறகு அகப்பையை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால், ஒபானின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் போஸ்டரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார்.

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.